காலி வண்டி நிற்கவில்லை

கருத்தக்கண்ணனின் பழைய வேன் கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏற்கெனவே சில தடவை நின்றிருந்தது. அப்போதெல்லாம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் திட்டிக்கொண்டே இறங்கி நிற்பார்கள். கொஞ்ச நேரத்தில் வண்டி ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிவிடும். கடைசித் தடவை கொண்டை ஊசி வளைவிலேயே எஞ்சின் அணைந்தது. எஞ்சின் நின்றால் அந்த வண்டியில் பிரேக்கும் அமுங்காமல் கட்டையாகிவிடும். கருத்தக்கண்ணன் இரண்டு காலையும் ஊன்றி மிதித்தும் வேன் பின்னால் உருண்டது. கதவோரம் இருந்த மொக்கம்மாள் பயந்து குதித்துவிட்டாள். ஹேண்ட்பிரேக் பிடித்து வண்டி நின்றபோது அவள் சாலையில் கிடந்தாள். முழங்காலுக்குக் கீழே கால் கோணித் திரும்பியிருந்தது.

அவர்கள் ஊரான சுருளிப்பட்டியில் அவன் குடித்துவிட்டு ஓட்டினான் என்று பேச்சாகிவிட்டது. அவன் மனைவி முத்துலட்சுமியைப் பார்த்தால் குழாயடியில் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

ஒரு மெக்கானிக் பேட்டரியை மாற்றினார். இன்னொருவர் டீசல் பில்டரை மாற்றினார். பட்டறையில் எஞ்சின் ஒரு தடவைகூட அணையவில்லை. "வண்டியில ஒண்ணுமில்லப்பா, நீ பாத்து ஓட்டு" என்று அனுப்பி வைத்தார்கள். அந்த 'பாத்து ஓட்டு'தான் அவனை அறுத்தது.

கடைசியில் தேனியிலிருந்து செல்வினைக் கூட்டி வந்தான். வண்டி எலக்ட்ரிக் வேலை பார்ப்பவன்.

"நின்னப்ப ஹாரன் அடிச்சுச்சாண்ணே?"

"அடிச்சுச்சு தம்பி. லைட்டும் எரிஞ்சுச்சு."

"அப்ப பேட்டரி இல்ல. பம்புல டீசலத் தொறந்து விடுற வால்வு ஒண்ணு இருக்கு. அதுக்குக் கரண்ட் போகலைன்னா எஞ்சின் அப்பவே ஆஃப் ஆயிரும்."

அந்த வால்வுக்குப் போகும் ஒயரோடு ஒரு சின்ன பல்பைச் சேர்த்து, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கட்டினான். வண்டி நிற்கும்போது பல்பும் அணைந்தால் கோளாறு ஒயரில். பல்பு எரிந்துகொண்டே இருந்தால் டீசலில்.

இருவரும் மலையேறினார்கள். எந்த வளைவிலும் பல்பு மினுங்கக்கூட இல்லை. இறங்கி மறுபடி ஏறினார்கள். வண்டி நிற்காமல் ஓடியது. இதுநாள் வரை நிற்கக்கூடாது என்று சாமியைக் கும்பிட்டவன் ஸ்டியரிங்கை ஓங்கி ஓங்கிக் குத்தினான்.

"நில்லு சனியனே! இப்ப நில்லு!"

குரல் உடைந்து அழுதுவிட்டான். செல்வின் காலியாகக் கிடந்த பின்சீட்டுகளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கேட்டான்: "அண்ணே, நின்னதெல்லாம் ஆளு ஏத்திப் போனப்பத்தானே?"

ஆமாம். காலியாகப் போகையில் ஒரு தடவைகூட நின்றதில்லை. ஆனால் அந்த வண்டியில் இனி யார் ஏறுவார்கள்? மணல் மூட்டைகளை ஏற்றினார்கள். முத்துலட்சுமி பெரிய கல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து கதவோரம் உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு? எறங்கு."

"உருண்டா சக்கரத்துக்குக் கல்லு யாரு வைப்பா? ஓட்டுங்க."

அதே வளைவு. எஞ்சின் பாரத்தில் முக்கி முனகியது. பல்பு அணைந்தது, அந்தக் கணமே எஞ்சினும் அணைந்தது. பிரேக் கட்டையானது. மூட்டைகளின் கனத்தோடு வேன் பின்னால் நகர, ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தான். வண்டி இன்னும் ஊர்ந்தது. முத்துலட்சுமி இறங்கிப் பின்சக்கரத்தடியில் கல்லைத் தள்ளினாள். சக்கரம் கல்லில் ஏறப் பார்த்து, நின்றது.

செல்வின் எஞ்சினுக்குள் குனிந்து ஒரு ஒயரை விரலால் நீவிக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் அது துவண்டது. மேலே உறை முழுசாக இருந்தது. உள்ளே செம்பு அறுந்திருந்தது. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் நைந்திருந்ததால், பாரத்தோடு மேடேறுகையில் எஞ்சின் சாய்ந்து ஒயரை இழுத்திருக்கிறது. நின்றபின் எஞ்சின் பழையபடி உட்கார, அறுந்த முனைகள் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

"இம்புட்டுத்தானா?" என்றாள் முத்துலட்சுமி.

மாலையில் கணவனும் மனைவியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மொக்கம்மாளின் காலில் கம்பி வைத்துக் கட்டியிருந்தது.

"அக்கா, கண்டுபுடிச்சாச்சு. உள்ளுக்குள்ள ஒரு ஒயரு அத்துக் கெடந்திருக்கு. ஒயரையும் ரப்பரையும் மாத்தியாச்சு" என்றான் கருத்தக்கண்ணன்.

அவள் கட்டுப் போட்ட காலைக் கையால் காட்டினாள்.

"இனிமே மலையேற முடியாதுண்டு டாக்டர் சொல்லிட்டாக."

அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"நீ குடிக்கலைன்னு எனக்குத் தெரியும். கேக்குறவுககிட்டச் சொல்றேன்." மூச்சு வாங்கினாள். "ஆனா இனி எனக்குப் பதிலா வேலைக்குப் போகப்போற எம்மகள ஒன் வண்டியில ஏத்த மாட்டேன். சங்கடப்படாத."

"சரிக்கா" என்றான்.

முத்துலட்சுமி தூக்குவாளியைத் திறந்து கஞ்சியை டம்ளரில் ஊற்றினாள். மொக்கம்மாளால் எழுந்து உட்கார முடியவில்லை. அவன் அவள் முதுகுக்குக் கை கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை அப்படியே தாங்கிப் பிடித்திருந்தான்.