ஏழு நிமிடம்

காலை ஐந்தே முக்காலுக்கு வேடசந்தூர் மில் பஸ் வரும். மில் வேலைக்குப் போகும் மகனை ஏற்றிவிட நானும் போவேன். வலது முட்டி சரியாக மடங்காததால் ரொனால்டு கம்பியைப் பிடித்துத்தான் படி ஏறுவான்.

பிரேசில் ஆட்டக்காரர் ரொனால்டோவை நினைத்து ஞானஸ்நானத்தில் அந்தப் பெயரை வைத்தேன். மற்ற வீடுகளில் ஜெபம் முடிந்ததும் புனிதர் கதை சொல்வார்கள். நான் ரொனால்டோ கதை சொன்னேன். முட்டி கிழிந்தும் திரும்பி வந்து, உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டவர்.

பத்தொன்பது வயதில் இவனுக்கும் முட்டி ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் செய்த டாக்டர் ஒன்பது மாதம் ஆடக் கூடாது என்றார். ஐந்தாம் மாதம் மாவட்ட அணிக்குத் தேர்வு வந்தது.

"அவரு திரும்பி வரலையாலே? போய் ஆடு" என்றேன். ஆடினான். மறுபடி கிழிந்தது.

இன்று செல்போனைப் பார்த்தபடி நின்றான்.

"அப்பா, ரொனால்டோவும் ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சே மாசத்துல எறங்கியிருக்காரு. ஏழு நிமிஷத்துல மறுபடி முட்டி போச்சாம். உலகக் கோப்பையெல்லாம் அதுக்கு ரெண்டு வருசம் கழிச்சுத்தான்."

அந்த ஏழு நிமிடச் செய்தியை அது வந்த நாளிலேயே பேப்பரிலிருந்து நான் கத்தரித்து வைத்திருந்தேன். அவனிடம் காட்டியதில்லை.

பஸ் நின்றது.

"ஏலே சாம்பியன், வெரசா ஏறு" என்றார் டிரைவர்.

கம்பியைப் பிடித்தவன் திரும்பினான்.

"ஒங்களுக்கு அப்பவே தெரியும்லப்பா?"