வேலியில் ஒரு பொட்டு

இராசநாயகம் வீடு பார்க்கிற விதமே வேறு. மலாயா ரயில்வேயில் முப்பத்திரண்டு வருஷம் கிளாக்கராக இருந்து பென்சனோடு திரும்பிய மனுஷன், யாழ்ப்பாணப் பட்டினத்தில் எந்த வீட்டு வளவுக்குள் காலை வைத்தாலும் நேரே கிணற்றடிக்குத்தான் போவார். ஒரு வாய் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பி, மறு வாயைக் குடித்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கொழும்புத்துறைக் கிணறு உவர். கொக்குவிலில் தண்ணீர் நல்லம், ஆஸ்பத்திரி தூரம். வண்ணார்பண்ணையில் வண்டிச் சத்தம். தரகர் முத்துக்குமாருவுக்குச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

மனைவி நல்லம்மா வீடு பார்த்தது இன்னொரு விதம். அவர் கிணற்றடியில் நிற்கிற நேரத்துக்குள் அவள் அந்த வீட்டில் வாழ்ந்தே முடித்துவிடுவாள். வெயில் சாய்ந்த விறாந்தையில் சும்மா நிற்பாள்; மனசுக்குள் குசினியில் புகை எழும்பும், மாரி கொட்டி ஓயும், தலை நரைக்கும். எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எந்த வீட்டுக் கனவிலும் அவளோடு கதைக்க ஒருவரும் இருப்பதில்லை. மலாயாவில், ஈப்போ ரயில்வே குவாட்டர்சிலும் அப்படித்தானே போனது. பிள்ளையும் இல்லை, பகல் முழுக்கச் சுவர்தான் துணை. இனியாவது ஓர் அயல் வேண்டும், அவ்வளவுதான். அதைப் புருஷனிடம் சொல்ல வெட்கம். தண்ணீருக்கு ருசி உண்டு, அயலுக்கு என்ன ருசி என்று கேட்டுவிடுவார்.

ஏழாவது வீடு சுண்டுக்குளியில். பின்வேலியில் ஒரு பொட்டு இருந்தது. பொட்டு என்றால், ஓலையை விலக்கி ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஓட்டை. பக்கத்தில் வேலிக்காலாய் நின்ற கதியால், போய்வருகிறவர்களின் உடம்பு உரசி உரசி வழுவழுவென்று கிடந்தது, கீழே புல் முளைக்காமல் மண் இறுகியிருந்தது. எத்தனை வருஷம் எத்தனை பேர் போய் வந்திருப்பார்கள் என்று நல்லம்மா கிறங்கிப்போய் நிற்க, அதற்குள்ளாலேயே ஓர் அம்மா குனிந்து வந்து நிமிர்ந்தாள். பக்கத்து வீட்டுப் பொன்மலர், மிஷன் பள்ளிக்கூட வாத்தியாரின் விதவை.

"வீடு பாக்க வந்தனீங்களோ? இருங்கோ, தேத்தண்ணி கொண்டுவாறன்."

நல்லம்மா கிணற்றடிக்கு ஓடினாள்.

"இஞ்சாருங்கோ, இந்த வீடுதான்."

"தண்ணி இன்னும் குடிக்கேல்லை."

"குடியுங்கோ. உவராயிருந்தாலும் இதுதான்."

தண்ணீர் நல்லதாகவே இருந்தது, அவர் தப்பித்தார்.

குடிவந்த பிறகு ஒரு மாதம் எப்படிப் போனதென்று நல்லம்மாவுக்குத் தெரியாது. விடிந்தால் பொட்டுக்குள்ளால் ஒரு கிண்ணம் போகும், இன்னொன்று வரும். கறி கொதிக்கும், கதை ஓயாது. நாற்பத்தைந்து வயதில் இப்படி ஒரு சந்தோஷமா என்று அவளுக்கே பயமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை நல்லூருக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினாள். பின்வேலி முழுவதும் புது ஓலை, பளபளவென்று.

"பாத்தீரே? இனி நாய் கூடப் பூராது," என்றார் இராசநாயகம், பெரிய கெட்டிக்காரர் மாதிரி.

"பொட்டை அடைச்சிட்டியளோ?"

"வேலி எண்டால் அடைக்கிறதுக்குத்தானே."

பத்தொன்பது வயதில் கப்பலேறினவருக்கு என்ன தெரியும்? வேலியை வருஷா வருஷம் புது ஓலை வைத்து அடைப்பார்கள், பொட்டை விட்டுத்தான் அடைப்பார்கள். அதையும் சேர்த்து அடைத்தால், இனி உன் முகத்தில் முழியேன் என்று சொன்னதாக அர்த்தம். வேலி அடைத்த முருகேசு இரண்டு தரம் கேட்டாராம். இவர் கேட்டால்தானே.

மூன்று நாள் வேலிக்கு அப்பால் தேங்காய் திருவுகிற சத்தம் கேட்டது, குரல் கேட்கவில்லை. தெருப்பக்கத்து வாசலால், முன்படலையால் போகலாம்தான். ஆனால் அந்த வழியால் போனால் விருந்தாளி. நல்லம்மா சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அழுதாள். ஈப்போவிலாவது இழக்க ஒன்றும் இருக்கவில்லை.

நாலாம் நாள் காலை கத்தியை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனாள்.

"உமக்கென்ன விசரோ? புது ஓலையெல்லே," என்று பின்னால் ஓடிவந்தார் இராசநாயகம்.

"ஓம், விசர்தான்," என்று சொல்லி வெட்டினாள். குனிந்து நுழைந்ததில் சேலை கிழிந்தது.

பொன்மலர் குசினி வாசலில் தேங்காய்த் திருவலையில் இருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. நல்லம்மா கிழிந்த சேலையைப் பிடித்தபடி கிட்டப் போனாள்.

"அக்கா, அவருக்குத் தெரியாது. நான் கோயிலுக்குப் போயிட்டன்."

பொன்மலர் கையிலிருந்த பாதித் தேங்காயை முழுக்கத் திருவி முடித்தாள். கையைத் துடைத்தாள். எழும்பி வந்து, வெட்டிய இடத்தை ஒரு பார்வை பார்த்தாள், தன் இடுப்பையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"உந்த ஓட்டை காணாது தங்கச்சி. நான் எப்பிடி வாறது? கத்தியை இஞ்சை தாரும்."