ஐந்தாம் வகுப்பின் நோட்டுக்கட்டு

மலர்க்கொடி டீச்சரின் மேசை இழுப்பறையில் ஐந்தாம் வகுப்பின் ஆங்கில நோட்டுகள் இருபத்திரண்டும் ஒரு மாதமாகக் கட்டாகக் கிடந்தன. பிள்ளைகள் ரஃப் நோட்டில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் தியாகராசன் சாக்பீஸ் டப்பா காணாமல் போனாலே மூன்று நாள் விசாரணை வைக்கிற ஆள். அவர் சும்மா இருப்பாரா? நாலு தடவை கேட்டுவிட்டார்.

"திங்கக்கிழமை ஆபீசர் வர்றாங்க டீச்சர். நோட்டு திருத்தலைன்னா எனக்குத்தான் பேச்சு விழும்."

"திருத்திடறேன் சார்" என்றாள். நாலு தடவையும் அதே பதில்தான்.

உண்மையில் இருபத்தொன்றைத் திருத்தியாகிவிட்டது. மிச்சம் இருந்தது லின்சியின் நோட்டு. காய்ச்சலில் லின்சி இறந்து இன்றோடு முப்பது நாள். பெயர் கூப்பிட்டு நோட்டுக் கொடுத்தால் கடைசியில் ஒன்று வாங்க ஆளில்லாமல் மேசையில் கிடக்கும், அதனால்தான் கட்டை அவிழ்க்கவில்லை என்று மலர்க்கொடி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை.

அவள் இன்னும் அழவில்லை. அடக்கத்துக்குப் போய் மாலை போட்டாள். வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள். மறுநாள் வந்து பாடம் நடத்தினாள். மரத்துப்போன காலை ஊன்றி நடக்கிற மாதிரி இருந்தது. நடக்கத்தான் செய்தது.

நோட்டுகளில் கடைசியாக இருந்த வீட்டுப்பாடம் அவளாக யோசித்துக் கொடுத்தது. ஆங்கில வாக்கியம் நாலு வகை என்று பலகையில் எழுதிப்போட்டும் பிள்ளைகள் மண்டையில் ஏறவில்லை. "இன்னைக்கு உங்க வீட்ல யார் என்ன பேசினாலும் காதுல வாங்குங்க. அதுல பத்த இங்கிலீஷ்ல எழுதிட்டு வாங்க. சொல்றதா, கேக்கறதா, செய்யச் சொல்றதா, ஆச்சரியப்படறதான்னு பக்கத்துல போடுங்க" என்றாள். வகுப்பே குதித்தது. இளம்பரிதி மட்டும் தன் அப்பா பேசியதை எழுதக் கூச்சப்பட்டு டிவி செய்தியை எழுதி வந்தான்.

மதியம் பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தபோது லின்சியின் அம்மா பாத்திமா மேரி வாசலில் வந்து நின்றாள். முப்பதாம் நாள் பூசை முடிந்து நேரே வந்திருந்தாள்.

"புள்ளையோட நோட்டு ஒண்ணு உங்கள்ட்ட இருக்குன்னாங்க டீச்சர்."

"இருக்குங்க. உக்காருங்க."

மலர்க்கொடி கட்டை அவிழ்த்து எடுத்துக் கொடுத்தாள். பாத்திமா மேரி பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். சிவப்பு மை எங்கேயும் இல்லை.

"மத்த புள்ளைங்களுக்குத் திருத்தினீங்கள்ல? இவளுக்கும் திருத்திக் குடுங்க. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, தமிழ்ல சொல்லிச் சொல்லித் திருத்துங்க."

மலர்க்கொடி பேனாவைத் திறந்தாள். "'தண்ணி கொண்டா.' செய்யச் சொல்றது. சரி. 'அண்ணன் எங்க?' கேக்கறது. சரி. 'எம்மாம் பெரிய மீனு!' இது ஆச்சரியப்படறது. கேக்கறதுன்னு போட்டிருக்கா."

"தப்பா?"

"பரவால்லங்க."

"தப்புன்னா தப்புன்னு போடுங்க. சும்மா மார்க் போட்டா அவளுக்குப் புடிக்காது" என்றாள் பாத்திமா மேரி. "அன்னைக்கு அவங்கப்பா விரால் வாங்கியாந்தாரு. நாந்தான் அப்படிச் சொன்னேன்."

மலர்க்கொடி தப்பு போட்டாள். ஏழு வரைக்கும் வந்தாயிற்று. எட்டாவதில் பேனா நின்றது. இரண்டு வரியைத் தாண்டிவிட்டால் இந்த அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் மன்னார்குடி காலேஜில் படிக்கிற மூத்தவன் ஆன்டோ இன்று சாயங்காலமே படித்துவிடுவான்.

"எட்டு என்னங்க?"

"'எனக்குத் தலை வலிக்குது.' சரி."

"ஒம்போது?"

மலர்க்கொடி அந்த வரியின் மேல் பேனாவை வைத்தாள். பாத்திமா மேரியே சொன்னாள்.

"'நடிக்காத, உக்காந்து எழுது.' எழுதியிருக்காளா?"

"எழுதியிருக்கா."

"முப்பது நாளா அதத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். ஒருவேள அவ காதுல விழுந்திருக்காதுன்னு..." அவள் முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "சரியா எழுதியிருக்காளா?"

"சரியாத்தான் இருக்கு."

"அப்ப சரின்னு போடுங்க."

மலர்க்கொடி போட்டாள். போட்டுவிட்டு, தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"மறுநாள் காலைல இந்த நோட்டக் குடுத்துட்டு பெஞ்சுல தலையச் சாய்ச்சுட்டா. 'என்ன தூக்கம், தலையத் தூக்கு'ன்னு அதட்டினேன். நெத்தியத் தொட்டுக்கூடப் பாக்கலங்க. மணி அடிக்கிற வரைக்கும் நிமிந்தே உக்காந்திருந்தா."

மிச்சப் பாதி உண்மை அதுதான். முப்பது நாளில் ஒருவரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை. எதிரில் இருந்தவள் திட்டினால் தேவலை என்றிருந்தது. பாத்திமா மேரி திட்டவில்லை. தேற்றவும் இல்லை. விரலை நோட்டின் மேல் வைத்தாள்.

"பத்து?"

"பத்தாவது எழுதல. எண் மட்டும் போட்டிருக்கா."

"நீங்க சொன்னத அதுல எழுதுங்க டீச்சர். நான் சொன்னது மட்டும் தனியா இருக்க வேணாம்."

மலர்க்கொடி எழுதினாள். 'தலையத் தூக்கு' என்பது இங்கிலீஷில் மூன்றே சொல். மை காயும்வரை பாத்திமா மேரி பொறுத்திருந்து, நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். "வர்றேங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் வந்தார்கள். மலர்க்கொடி தானே பெயர் கூப்பிட்டு இருபத்தொரு நோட்டையும் கொடுத்து முடித்தாள். மேசையில் ஒன்றும் மிச்சமில்லை.

மூன்றாவது பெஞ்சில் வள்ளியம்மை மட்டும் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு அதன் மேலேயே தலையைச் சாய்த்திருந்தாள். மலர்க்கொடி அவளிடம் போய் நெற்றியில் கை வைத்தாள். சுடவில்லை. மறுபடி புறங்கையை வைத்துப் பார்த்தாள். சாப்பிட்ட தூக்கம்தான். அங்கேயே, இருபத்தொரு பிள்ளைகளுக்கு நடுவில், மலர்க்கொடிக்கு அழுகை வந்தது.