குதிரை அறுத்த வாரம்

தெமிர்சாயில் இரும்புச் சுரங்கம் மூடி நாலு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அந்த ஊருக்கு மிஞ்சிய ஒரே பெருமை, வேலையில்லாதோர் விகிதத்தில் மாகாணத்திலேயே முதல் இடம். நூற்றுக்குப் பன்னிரண்டு புள்ளி எட்டு. அடுத்த ஊரான உசின்தாம், பதினொன்று புள்ளி ஒன்பதில் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தது. கேலிக்காகப் பெருமை என்று சொல்லவில்லை. ரயில் பெட்டி பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று வரப்போகிறது, நூற்றிருபது பேருக்கு வேலை, அடுத்த காலாண்டுப் பட்டியலில் எந்த ஊர் முதலில் நிற்கிறதோ அந்த ஊருக்குத்தான் அது என்று மாகாணத் தலைநகரில் முடிவு செய்திருந்தார்கள்.

தெமிர்சாயில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பவள் பிபிசாரா. அவள் கணவன் தோலெகென் சுரங்கத்தில் மண்வாரி இயந்திரம் ஓட்டியவன். சுரங்கம் மூடிய நாளிலிருந்து சமையலறை ஜன்னலருகே உட்கார்ந்திருக்கிறான். குடிப்பதில்லை, கத்துவதில்லை. குடித்துத் தொலைத்தாலாவது நாலு வார்த்தை திட்டலாம், அதற்கும் வழியில்லை. அக்டோபரில் பட்டறைச் செய்தி காதில் விழுந்தபோது, தேநீர்க் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல், "வந்தா போறேன்" என்றான். நாளைக்கு என்று ஒன்று இருப்பதாக அவன் பேசியது நாலு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. பிபிசாரா அவனுடைய பழைய வேலைச் சட்டையை எடுத்துப் போய்த் துவைத்துக் காயப்போட்டாள்.

இந்த முறை டிசம்பர் முதல் வாரத்தைப் பற்றிக் கேட்கச் சொல்லி உத்தரவு வந்தது. தலைநகரில் உட்கார்ந்து நாள் குறித்தவர்களுக்கு அது ஏதோ ஒரு வாரம். தெமிர்சாய்க்கு அது குதிரை அறுக்கிற வாரம். குளிர் இறுகியதும், கொஞ்சம் வசதியுள்ள வீடுகள் குளிர்காலத்துக்கான குதிரையை அறுக்கும். தெருவில் உள்ள ஆண்களெல்லாம் கைகொடுப்பார்கள். போகும்போது ஆளுக்கு ஒரு பங்கு கறி கொடுத்தனுப்புவார்கள். அதைக் கூலி என்று யாராவது சொன்னால் அடிக்க வருவார்கள்.

முதல் வீடு காசிபெக்குடையது. தோலெகெனோடு சுரங்கத்தில் இருந்தவர், அவனைவிட மூத்தவர். பிபிசாரா டேப்லெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே, அந்த வாரத்துல ஒரு மணி நேரமாவது, காசுக்கோ பொருளுக்கோ வேலை செஞ்சீங்களா?"

"என்ன தங்கச்சி, நீயே பாத்தியே! மூணு குதிரை. மூணுக்கும் தோலு நான்தான் உரிச்சேன். இந்தத் தெருவுல என்னை விட்டா கத்தி பிடிக்க வேற யாரு இருக்கா?"

"கறி குடுத்தாங்களா?"

"குடுக்காம? ஒரு பக்க விலா முழுசா குடுத்தாங்க!"

விலா பொருளில் சேருமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. வாசலுக்கு வந்து தலைநகரிலிருந்த மேற்பார்வையாளருக்கு போன் போட்டாள்.

"அங்கேயே உக்காந்து சாப்பிட்டா அது விருந்து" என்றாள் மேற்பார்வையாளர். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா கூலி. கூலி வாங்கியிருந்தா அவரு வேலையில இருக்காரு."

"அக்கா, அவருக்கு நாலு வருஷமா வேலை இல்ல."

"அந்த வாரம் இருந்துச்சுல்ல? அதத்தான் கேக்கறோம். இன்னொண்ணு, பத்து வீட்டுக்கு ஒரு வீடு நாங்களே கூப்பிட்டுச் சரிபார்ப்போம். தப்பா எழுதுனா உன் வேலைதான் போகும்."

பிபிசாரா உள்ளே திரும்பினாள். பொய் எழுத முடியாது. ஆனால் அவரே சொல்லிவிட்டால் அது பொய்யில்லையே என்று தோன்றியது.

"அண்ணே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அங்க குயிர்தாக் வறுவல் மட்டும் சாப்பிட்டுட்டு வந்துட்டீங்க, வீட்டுக்கு ஒண்ணும் கொண்டுவரல. அப்படித்தானே?"

காசிபெக்கின் முகம் சிவந்தது. "யாரு சொன்னா? ஒரு தட்டு ஈரல் வறுவலுக்கு நாக்கத் தொங்கப்போட்டுட்டுப் போற நாயா நானு?"

அவர் மனைவி விறுவிறுவென்று போய்ப் பின்கட்டுக் கதவைத் திறந்தாள். உள்ளே கொக்கியில் விலா தொங்கியது. "பாத்துக்கோ. நல்லாப் பாத்து எழுது."

பிபிசாரா மானத்தை விட்டு உடைத்தே சொன்னாள். "அண்ணே, இல்லைன்னு சொன்னாத்தான் பட்டறை நமக்கு வரும். தோலெகெனுக்கும் அங்க ஒரு இடம் கிடைக்கும்."

காசிபெக் எழுந்து போய்ப் பின்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பட்டறை அவருக்கும்தான் வேண்டும். "மத்தவங்க இல்லைன்னு சொல்லட்டும், தங்கச்சி. வெறுங்கையோட அனுப்புனாங்கன்னு நான் எழுதிக்குடுத்தா, குதிரைக்காரன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

மாதிரிக்கென்று தலைநகரில் தேர்ந்தெடுத்துக் கொடுத்த நாற்பது வீட்டில் பெரும்பாலும் இதே கதைதான். மத்தவங்க சொல்லட்டும் என்றார்கள். ஒருத்தர் கழுத்துக்கறியைச் சொன்னார், ஒருத்தர் தொடையைச் சொன்னார், கொழுப்பு மட்டும் கிடைத்தவர் அதையும் தொடை என்றே சொன்னார். கடைசிப் பத்து வீடுகளில் பிபிசாரா வாதாடவில்லை. கேட்டாள், டேப்லெட்டில் பதிலைக் குத்தினாள், எழுந்து வந்தாள்.

பிப்ரவரியில் தலைநகரில் கூட்டம் நடந்தது, கணக்கெடுப்பவர்களையும் அழைத்திருந்தார்கள். ஊர்களின் பட்டியலைச் சுவரில் போட்டுக் காட்டினார்கள். உசின்தாம் பன்னிரண்டு. அங்கே முக்கால்வாசிப் பேர் ருஷ்யர்கள், குதிரை அறுப்பதில்லை. தெமிர்சாய் நாலு புள்ளி ஒன்று. ஒரே காலாண்டில் இவ்வளவு முன்னேற்றமா என்று தெமிர்சாய் நகரத் தலைவருக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அவரும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டார். பட்டறை உசின்தாமுக்குப் போனது. எல்லோரும் கை தட்டினார்கள், பிபிசாராவும் தட்டினாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. கோபமாவது வந்திருக்கலாம். அதுவும் வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள்.

"நாலு புள்ளி ஒண்ணா?" என்றான் தோலெகென். "குறைஞ்சா நல்லதுதானே?"

"நல்லதுதான்."

"அதுல நான் எங்க இருக்கேன்?"

அவர்கள் வீடு அந்த நாற்பதில் இல்லை. அவனிடம் யாரும் கேட்டதே இல்லை. அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தாள். கேள்விகள் அவளுக்கு மனப்பாடம்.

"போன வாரம் ஒரு மணி நேரமாவது வேலை செஞ்சீங்களா?"

"இல்ல."

"கடைசி நாலு வாரத்துல வேலை தேடுனீங்களா?"

"இல்ல."

"வேலை கிடைச்சா ரெண்டு வாரத்துக்குள்ள போய்ச் சேர முடியுமா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை, யோசிக்கவும் இல்லை. "இல்ல" என்றான்.

அக்டோபரில் கேட்டிருந்தால் இதற்கு வேறு பதில் வந்திருக்கும். டேப்லெட்டில் பதிலைக் குத்துவதுபோல் அவள் விரல் தானாக மேசை மீது போய் நின்றது.

"வேலை தேடவும் இல்ல, போகவும் முடியாதுன்னா, நீங்க வேலையில்லாதவர்லயும் சேத்தி இல்ல."

"பின்ன?"

"கணக்குலயே இல்ல."

தோலெகென் சரி என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் எழுந்து தேநீர் ஊற்றினாள்.