சிரில் எடுத்த சாம்பிள்

சிரிலுக்கு எதையும் நம்பிப் பழக்கமில்லை. முட்டையை உடைத்தால் நேராக வாணலியில் ஊற்றமாட்டார். தனிக் கிண்ணத்தில் ஊற்றி, முகர்ந்து பார்த்து, அப்புறம்தான் ஊற்றுவார். பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். புனே கட்கி பஜாரில் காய் விற்கிற பாஜிவாலா இவர் தூரத்தில் வரும்போதே தலையில் கை வைத்துக்கொள்வான். ஆனால் அவர்மேல் மட்டும் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்? வெடிமருந்துத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற மனுஷர். எது தேறும், எது தேறாது என்று பார்ப்பதற்குத்தான் சம்பளமே வாங்கினார். குவிந்து கிடக்கிற எல்லாவற்றையும் சோதிக்க முடியாது, சாம்பிள் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். சிலதை அளந்து பார்ப்பார்கள். சிலதை வெடித்தே பார்ப்பார்கள். நன்றாக வெடித்தால், அதோடு இருந்த சரக்கெல்லாம் பாஸ். வெடித்துப் பார்த்தது மட்டும் மிஞ்சாது.

இப்பேர்ப்பட்டவர் வீட்டில் பிறந்து, ஸ்கூல் ட்ராயிங் டீச்சர் வேலையை விட்டுவிட்டு, ஆர்ட் தெரபிஸ்ட் ஆகப்போகிறேன் என்று சொல்ல ஜெரால்டினுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! சொன்னாளே. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து, பிரியாணி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னாள்.

“அப்டின்னா இன்னா?” என்றார் சிரில்.

“மனசு சரியில்லாதவங்களை வரைய வச்சு, களிமண்ணுல செய்ய வச்சு, அது மூலமா ஹெல்ப் பண்றது டாடி.”

“அதான் ஸ்கூல்ல பண்ணியே?”

“அது வேற. அங்க படம் நல்லா வரணும். இங்க எப்படி வந்தாலும் சரி.”

எப்படி வந்தாலும் சரியா! சிரிலுக்குப் புரையேறிவிட்டது. மனைவி பிலிஸ் அவர் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

“லைசன்ஸ் யாரு குடுக்கறாங்க?”

“இந்தியாவுல இதுக்குன்னு தனி லைசன்ஸ் இன்னும் வரலை டாடி. இங்க டிப்ளமா முடிச்சிட்டு, இங்கிலாந்துல மாஸ்டர்ஸ் பண்ணப் போறேன். அங்க அரசாங்க ரிஜிஸ்டர்ல பேர் இருந்தாத்தான் ஆர்ட் தெரபிஸ்ட்னு சொல்லிக்கவே முடியும். இல்லன்னா சட்டப்படி குத்தம்.”

“ரிக்‌ஷா ஓட்டக்கூட லைசன்ஸ் கேக்கறான். மனசைத் தொடறவனுக்கு வேணாமாம்.”

“வேணும்னுதானே நானும் சொல்றேன்? அதுக்குத்தான் அங்க போறேன்.”

சிரில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அந்த வீட்டு வழக்கம் அது. அப்பாவும் மகளும் பேசிக்கொண்டதெல்லாம் கேஸ் சிலிண்டர் வந்ததா, கேட்டைப் பூட்டினாயா என்கிற அளவுக்குத்தான்.

வேலையை விட்டாள், டிப்ளமாவில் சேர்ந்தாள். படிப்பு முடிகிற தறுவாயில், இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் அவளுக்கு இடம் கொடுத்தது. ஜூலைக்குள் டிப்ளமாவை முடித்துக் காட்டினால் இடம், இல்லையென்றால் இல்லை. ஜெரால்டின் வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தாள். சிரில் மட்டும் அந்தக் கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். தப்பான படிப்பை நம்பித் தெரியாத தேசத்துக்குப் போய் நடுத்தெருவில் நிற்பாளோ என்ற பயம்தான். பயம் என்று அவர் ஒப்புக்கொள்ளமாட்டார், செக்கிங் என்பார்.

அந்தச் சமயத்தில்தான் சனிக்கிழமைகள் அவர் கண்ணை உறுத்த ஆரம்பித்தன. ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் பெண் எங்கேயோ போகிறாள், மத்தியானம் திரும்பி வந்து அறையைச் சாத்திக்கொள்கிறாள்.

“எங்க போறா?” என்று பிலிஸைக் கேட்டார்.

“லைப்ரரிக்கு” என்றாள் பிலிஸ், கேள்வி முடிவதற்குள்ளேயே.

இத்தனை வேகமாக வருகிற பதிலை எந்த இன்ஸ்பெக்டர் நம்புவான்? அடுத்த சனிக்கிழமை சிரில் மகள் ஏறிய பஸ்ஸிலேயே பின்பக்கமாக ஏறினார். புனேயில் ஸ்கூட்டர் ஓட்டுகிற பெண்கள் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொள்வார்களே, அந்த மாதிரி கர்ச்சீப்பை மூக்குக்கு மேல் கட்டிக்கொண்டார். பக்கத்தில் நின்ற அம்மாள் இவரைப் பார்த்துவிட்டுத் தன் பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பார்க்கட்டுமே!

விமான் நகரில் ஜெரால்டின் இறங்கினாள். ஒரு பேக்கரிக்கு மேலே, இரண்டாவது மாடிக்குப் போனாள். கீழே போர்டு தொங்கியது. ‘தீப்தி, மனநல ஆலோசனை, ஆர்ட் தெரபி’ என்று இங்கிலீஷில் எழுதி, பெயருக்குப் பின்னால் ஏதேதோ எழுத்துகள். அரசாங்க எண் ஒன்றும் இல்லை. சிரில் எதிர்ப்பக்கம் சாயா குடித்துக்கொண்டு நின்றார். ஒரு மணி நேரம் கழித்து மகள் இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது. மூக்கை உறிஞ்சி, முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

சிரிலின் கையில் சாயா ஆறிப்போயிற்று. படிக்கப் போன பெண்ணைப் பேஷண்ட் ஆக்கிவிட்டார்களே பாவிகள்! நன்றாக இருந்தவளுக்கு இல்லாத வியாதியைச் சொல்லி அழவைக்கிறார்கள். இந்த லட்சணத்தில் டிப்ளமா, அதை நம்பி இங்கிலாந்து!

வேறு அப்பனாக இருந்தால் அன்று சாயங்காலமே மகளை உட்காரவைத்துக் கேட்டிருப்பான். சிரில் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், அந்தப் பதிலை எப்படி நம்புவது? சாம்பிள் எடுத்துப் பார்ப்பதுதான் முறை என்று முடிவு செய்தார். தொழிற்சாலையில் தன்னோடு வேலை பார்த்த கோவிந்தராஜனின் பெயரைச் சொல்லி, அந்த தீப்தியிடம் புதன்கிழமைக்கு நேரம் வாங்கினார். பென்ஷன் ஆபீஸுக்குப் போகிறேன் என்று பிலிஸிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

தீப்திக்கு நாற்பது வயதிருக்கும். சாதாரண காட்டன் குர்தா, விரல் நகத்தில் பெயிண்ட். பேச்செல்லாம் ஹிந்தியில். மேஜையில் காகிதமும் கிரேயானும் வைத்து, எது வேண்டுமானாலும் வரையலாம் என்றாள்.

வா வா, உன்னைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சிரில் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். கறுப்புக் கிரேயானை எடுத்து ஒரு வளையம் போட்டார், அவ்வளவுதான். தொழிற்சாலையில் சரக்கின் அளவு பார்க்க அவர் கையிலேயே இருந்த கேஜ் அது. அதற்குள் நுழைந்தால் பாஸ், நுழையாவிட்டால் ரிஜெக்ட். கறுப்பு என்றால் துக்கம், வட்டம் என்றால் வெறுமை என்று இவள் கிளி ஜோசியம் சொல்லட்டும், அந்த நிமிஷமே பிடித்துவிடலாம்.

அவள் படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“இது என்னவென்று நீங்களே சொல்கிறீர்களா, கோவிந்தராஜன்ஜி?”

கேஜ் என்றார். அது எப்படி வேலை செய்யும் என்று விளக்கினார்.

“இதற்குள் நுழையாமல் போனது என்னவெல்லாம்?”

கெட்டிக்காரக் கேள்விதான். சரக்கைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். சொல்லிக்கொண்டே வந்தவர், சர்ச்சில் தன்னோடு பாடிக்கொண்டிருந்த நண்பனை ஒரு சின்னச் சந்தேகத்தில் விலக்கி வைத்த கதைக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. கோவிந்தராஜன் என்று பெயர் கொடுத்துவிட்டு சர்ச் கதை சொல்கிறோமே என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. “அட முண்டமே!” என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டார். பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஒரு சாம்பிள் போதாது என்று அடுத்த புதனும் போனார், அதற்கடுத்த புதனும் போனார். சோதனை சோதனை என்று சொல்லிக்கொண்டாரே தவிர, செவ்வாய்க்கிழமையே சட்டையை இஸ்திரி போட்டு வைத்துக்கொள்வார். ஜென்மத்தில் பேசாததையெல்லாம் அந்த அறையில் பேசினார். மகள் வீட்டை விட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தாலே தூக்கம் வருவதில்லை என்றுகூட ஒரு நாள் சொன்னார். சொல்லிவிட்டு, இது ஏதோ வசியம் என்று இன்னும் அதிகமாகச் சந்தேகப்பட்டார். வாயைப் பிடுங்குகிறாள், கைகாரி.

நாலாவது புதன்கிழமை கடைசிச் சோதனை. களிமண்ணை உருட்டிக்கொண்டே, சாவகாசமாக, “என் மகளும் இதைத்தான் படிக்கிறாள். பேர் ஜெரால்டின். சனிக்கிழமை சனிக்கிழமை இங்கே வருகிறாளே, உங்களுக்குத் தெரியாதா?” என்று போட்டார். போட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்.

தீப்தியின் முகம் வெளுத்தது. பேனாவைக் கீழே வைத்தாள்.

“இங்கே யார் வருகிறார்கள், வருவதில்லை என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் இனிமேல் உங்களை நான் பார்க்க முடியாது. மன்னித்துவிடுங்கள். வேறு ஒரு நல்லவர் பெயரைத் தருகிறேன்.”

ஆப்ட்டாளா! சிரிலுக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும்போல் இருந்தது. அவள் நீட்டிய சீட்டை வாங்காமலே படி இறங்கினார். திரும்பும் வழியில் பேக்கரியில் கேக்குகூட வாங்கினார்.

சனிக்கிழமை ஜெரால்டின் சீக்கிரமே திரும்பிவிட்டாள். நேராகச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிலிஸ் பதறி ஓடி வந்தாள்.

“தீப்தி மேடம் இனிமே என்னைப் பாக்க மாட்டாங்களாம் மம்மி. எல்லாம் போச்சு.”

“பாத்தியா?” என்றார் சிரில். ஹாலிலிருந்து ஜெயித்தவர் மாதிரி வந்தார். “மாட்டிக்கிட்டா, அதான் ஓடறா. நான்தான் புடிச்சேன். நாலு வாரம் போயி, கோவிந்தராஜன்னு பேரு சொல்லி, எதிர்ல குந்திப் புடிச்சேன்!”

ஜெரால்டின் தலையைத் தூக்கினாள். அவரையே பார்த்தாள்.

“நீங்களா போனீங்க?”

“பின்ன? நல்லா இருந்த பொண்ணைப் பேஷண்ட் ஆக்கிட்டா, பாத்துக்கிட்டு இருப்பனா?”

“டாடி, அது கோர்ஸோட ரூல்! நீங்க சந்தேகப்படுவீங்கன்னுதான் மம்மியை லைப்ரரின்னு சொல்லச் சொன்னேன். அடுத்தவங்களை எதிர்ல உக்கார வைக்கறதுக்கு முன்னாடி, நாங்க அந்த நாற்காலியில உக்காரணும். ஒரு வருஷம், ஒரே ஆள்கிட்ட. நடுவுல நின்னா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். எனக்கு இன்னும் ரெண்டே மாசம்தான் பாக்கி இருந்தது.” அவள் குரல் உடைந்தது. “அப்பாவையும் பொண்ணையும் ஒரே ஆள் வச்சுப் பாக்கக் கூடாது. உங்க கதையும் அவங்ககிட்ட, என் கதையும் அவங்ககிட்ட. நேர்மையானவங்க ரெண்டு பேரையும் விட்டுடுவாங்க. விட்டுட்டாங்க.”

“அப்ப ஜூலை?” என்றாள் பிலிஸ்.

“ஜூலையும் இல்ல, இங்கிலாந்தும் இல்ல. சீட் போச்சு.”

சிரில் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். “நான் போயி சொல்றேன். நான் உன் அப்பன் இல்ல, கோவிந்தராஜன்தான்னு சொல்லிர்றேன்.”

“அரே, போதும் டாடி!” என்று கத்தினாள் ஜெரால்டின். “எனக்கு உங்க மேல அவ்ளோ கோவம் வருது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?”

கேட்டிருக்கலாம்தான். சிரில் மெதுவாக, “நான் வந்ததை அவ உன்கிட்ட சொல்லலையா?” என்றார்.

“இல்ல. காரணம் கேட்டேன். அது இன்னொருத்தரோட விஷயம், சொல்ல மாட்டேன்னாங்க. எனக்காகக் கண் கலங்கினாங்க, ஆனா சொல்லலை. இப்ப நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்.”

சொல்லவில்லை. நாலு வாரமாக அவர் தேடியது இதைத்தானே? சொன்ன வார்த்தை வெளியே போகுமா போகாதா, ஆள் அசலா போலியா என்று? அசல். முழுக்கப் பாஸ். தொழிற்சாலையில் ஒரு நாளும் வெடித்துப் பார்த்ததில் மிஞ்சாமல் போன சாம்பிளுக்காக அவர் வருத்தப்பட்டதில்லை.

“மன்னிச்சிரும்மா” என்றார். அந்த வீட்டில் அந்த வார்த்தையைக் கேட்டுப் பழக்கமில்லாத பிலிஸ், அடுப்பை அணைக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

ஜெரால்டின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவங்ககிட்ட உங்களைப் பத்தி நிறையச் சொல்லியிருக்கேன்” என்றாள். “எங்க டாடி பேசவே மாட்டார்னு. அதனாலதான் நீங்க எதிர்லயே உக்காந்திருந்தும் அவங்களுக்கு அடையாளம் தெரியலை. நாலு வாரம் பேசினீங்களா? நீங்களா? அப்படி என்ன பேசினீங்க?”

“அங்க ஹிந்தியில பேசினேன்.”

“தமிழ்ல பேசுங்க. எனக்குத் தமிழும் புரியும்.”

அவர் மகளைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். பழைய புத்தி எங்கே போகும்?

“இதுவும் உன் கோர்ஸ்ல சேருமா?” என்றார்.

“சேராது டாடி. ஒரு நாள்கூடச் சேராது.”

சிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மகளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.