வாசித்த பிறகு கையெழுத்து

காந்தி ஜெயந்தி என்பதால் பட்டாசுக் கம்பெனிக்கு லீவு. கிராம சபை பதினொரு மணிக்கு என்றார்கள். பஞ்சாயத்துத் தலைவர் ராஜபாண்டியன் வந்தபோது பன்னிரண்டரை. பந்தல் நிழல் நகர நகர, தரையில் உட்கார்ந்திருந்த பெண்களும் நகர்ந்துகொண்டே இருந்தார்கள்.

வழக்கம்போல் கிளார்க் சிவபாண்டி முதலில் நோட்டை நீட்டினார். எழுதாத தாள்கள். கையெழுத்துப் போட்டால் டீயும் வடையும். பிறகு அதில் என்ன எழுதுவார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

அய்யம்மாள் நோட்டை வாங்கவில்லை.

"மொதல்ல தீர்மானத்த எழுதி வாசிங்க. பொறவு ரேகை வைக்கிறோம்."

பக்கத்தில் இருந்த ஆவுடைத்தாய்க்குத் திக்கென்றது. இருபது வருஷமாக ஒரே ரூமில் அவளோடு உட்கார்ந்து வெடிக்கு மருந்து அடைக்கிறவள் அய்யம்மாள். ஃபோர்மேன் திட்டினால்கூடத் தலை நிமிராதவள்.

"என்ன தீர்மானம்மா?" தலைவர் சிரித்தார்.

அய்யம்மாள் எழுந்து நின்றாள். "காலனி ரோடு போட்டாச்சுன்னு போர்டு வச்சிருக்கீக. அங்கன சகதிதான் கெடக்கு. ஆவணியில எங்க வீட்டுக்காரரு நெஞ்சுவலியில துடிச்சப்ப ஆம்புலன்ஸ் உள்ள வரல. கட்டில்ல வச்சுத் தூக்கிட்டுப் போனோம். பாதி வழியில உசிரு போயிருச்சு. போடாத ரோட்டப் போட்டதா எழுதுனது யாருன்னு விசாரிக்கணும். அத எழுதுங்க."

"நாளைக்கு எங்க மச்சான் கம்பெனிக்குத்தான வேலைக்குப் போகணும் தாயி?" தலைவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"ஆமா, போகணும். இப்ப எழுதுங்க."

நோட்டு முன்னால் இருந்த பாண்டிச்செல்வியிடம் போனது. அவள் கையை மடக்கிக்கொண்டாள். அடுத்தவளும் வாங்கவில்லை. ஆவுடைத்தாயிடம் வந்தது. தன் கை முந்தானைக்குள் போவதை அவளே பார்த்துக்கொண்டிருந்தாள். கோயிலில் சாமி இறங்கும்போதுகூட அவளுக்கு உடம்பு இப்படிச் சிலிர்த்ததில்லை.

ஒன்றியத்திலிருந்து வந்திருந்த அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "கையெழுத்து இல்லன்னா கூட்டமே செல்லாது. எழுதிருங்க சார்."

சிவபாண்டி எழுதினார். பெண்கள் அதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள்.

"கேட்டவுக மொதல்ல ரேகை வைங்க" என்று மைப்பெட்டியை நீட்டினார் சிவபாண்டி.

அய்யம்மாள் பெருவிரலை மையில் அழுத்தித் தாளில் வைத்து எடுத்தாள். ஒரு கோடுகூட விழவில்லை. வெடிமருந்து அரித்து வழவழத்துப்போன விரல், நீலமாக ஒரு திட்டை மட்டும் விட்டிருந்தது.

"ரேகையே விழலையே" என்றார் சிவபாண்டி.

தலைவர் எட்டிப் பார்த்தார். அய்யம்மாள் விரலை முந்தானையில் துடைத்துவிட்டு, மறுபடியும் மையில் அழுத்தினாள்.