பின்வீட்டுக்கு ஊர் ரேட்

என் தம்பி வல்லிநாயகம் நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் கேட்ட பிறகு சொன்னால் நம்ப மாட்டீர்கள். குடி கிடையாது, சீட்டு கிடையாது. செவ்வாய்க்கிழமை தவறாமல் இலஞ்சி முருகன் கோயிலுக்குப் போவான். ஐம்பத்து மூன்று வயதாகிற இந்த அக்காவை இன்றுவரை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. சுடுசொல் சொல்லாமலே ஒருத்தியை என்னென்ன செய்யலாம் என்பதை அவனிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அவன் வீட்டுப் புறவாசலில் இருக்கிற சின்ன வீட்டில் ஆறு வருஷமாக நான் இருக்கிறேன். ஒரு கூடம், ஒரு அறை, இரண்டு பேர் நின்றால் முழங்கை இடிக்கிற அடுப்படி. முன்னால் அது மாட்டுத்தொழுவம். தென்காசி தனி மாவட்டமானதும் வெளியூர் உத்தியோகஸ்தர்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள். புறவாசலில் கொஞ்சம் காலி மண் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் கை அரித்தது. குத்துக்கல்வலசையிலிருந்து இலஞ்சி வரைக்கும் தொழுவங்களும் விறகுக் கொட்டகைகளும் இடிபட்டு, அந்த இடத்தில் பின்வீடுகள் எழும்பின. குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், அவற்றையும் நாள் வாடகைக்குக் கேட்டு ஆள் வரும். என் தம்பியும் மாட்டை விற்றான், பின்வீட்டைக் கட்டினான்.

கட்டி வெள்ளையடித்த மாதம்தான் என் வீட்டுக்காரர், நாங்கள் இருந்த திருவேங்கடம் ஊரில், நெஞ்சுவலியில் போனார். உரக்கடையில் கணக்கு எழுதியவர். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இருந்ததும் வாடகை வீடு. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தம்பி காரோடு வந்து நின்றான்.

"யக்கா, புறவாசல் வீடு சும்மாதான் கிடக்கு. வந்து இரு. ஒனக்கில்லாத வீடா?"

நியாயமாகப் பார்த்தால் எனக்கும் உள்ள வீடுதான். அப்பா இறந்த வருஷம் தம்பி என்னைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போனான். என் பங்கை அவனுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்தவளிடம் சம்மதமா என்று கேட்க மாட்டார்கள், தேதியை மட்டும் சொல்வார்கள். ஒரு பட்டுச்சேலையும் பாயசத்தோடு சாப்பாடும் கிடைத்தன. சந்தோஷமாகத்தான் போட்டேன், பொய் சொல்லக்கூடாது. பிறந்த வீட்டு வாசல் கடைசிவரை திறந்திருக்க வேண்டுமென்றால் பங்கு கேட்கக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானே தெரிந்து வைத்திருந்தேன்.

அப்படி வந்த இடத்தில் முதல் மாதமே நான் ஒரு தப்புச் செய்தேன். தென்காசியில் பத்திர எழுத்தர் குமரகுரு சாரிடம் டைப் அடிக்கிற வேலை கிடைத்திருந்தது. முதல் சம்பளத்தில் இரண்டாயிரத்தை எடுத்துக்கொண்டு முன்வீட்டுக்குப் போனேன். தம்பி பதறிப்போனான்.

"என்னக்கா இது? ஒன்கிட்ட போயி நான் வாடகை வாங்குவனா? ஊரு என்ன சொல்லும்?"

நான் விடவில்லை. ஓசியில் குந்தியிருக்கிறாள் என்று அவன் பெண்டாட்டி உமா மகேஸ்வரி ஒரு நாளும் நினைத்துவிடக்கூடாது என்கிற வீறாப்பு எனக்கு. காப்பி டம்ளருக்கு அடியில் பணத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டாம் மாதம் அவன் கொஞ்சம் குறைவாகப் பதறினான். மூன்றாம் மாதம், "அங்கன வையிக்கா" என்றான். நாலாம் மாதம் எனக்குச் சம்பளம் இரண்டு நாள் தாமதமானது. அந்த இரண்டு நாளில் உமா மகேஸ்வரி கருவேப்பிலை பறிக்க என் வாசலுக்கு ஐந்து தடவை வந்தாள்.

சும்மா இருந்திருந்தால் நான் அக்கா. ஓசியில் இருக்கிற அக்காவை வெளியே அனுப்பினால் தெரு காறித் துப்பும். வாடகை கொடுத்ததும் நான் குடித்தனக்காரி ஆகிவிட்டேன். குடித்தனக்காரியை எவனும் எப்போது வேண்டுமானாலும் காலி பண்ணச் சொல்லலாம், தெரு திரும்பியும் பார்க்காது. மானத்தைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைத்து மாதாமாதம் காசு கொடுத்து உரிமையை இழந்த பைத்தியக்காரி என்னைத் தவிர வேறு யாராவது இருக்கிறார்களா, தெரியவில்லை.

இது போதாதென்று என் வாய் வேறு. ஆபீசில் நான் அடிப்பதில் பாதிக்குமேல் வாடகை அக்ரிமெண்ட்டுகள். எல்லாம் பதினொரு மாதத்துக்கு. அதற்கு மேல் போட்டால் பதிவு செய்யச் செலவாகும் என்று யாரும் போட மாட்டார்கள். பதினொரு மாதம் முடிந்ததும் வாடகையைக் கூட்டிக்கொண்டு மறுபடி வருவார்கள். அதனால் எந்தத் தெருவில் எந்தப் பின்வீடு என்ன விலைக்குப் போயிருக்கிறது என்பது எனக்கு அத்துப்படி. சாயங்காலம் முன்வீட்டில் காப்பி குடிக்கும்போது அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

"குத்துக்கல்வலசையில ஒரு பின்வீடு ஏழாயிரத்துக்குப் போச்சுலே. வெஸ்டர்ன் டாய்லெட்டு கூடக் கிடையாது."

உமா மகேஸ்வரி உடனே டிவியின் சத்தத்தைக் குறைப்பாள். "ஏழாயிரமா! தண்ணி கரண்டு சேத்தா, தனியா மதினி?" என்று கேட்பாள். அந்த வீட்டில் என் பேச்சுக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது. எனக்குப் பெருமை பிடிபடாது. அந்தப் பெருமையிலேயே, யாரும் கேட்காமல், வருஷத்துக்கு ஐந்நூறு கூட்டிக் கொடுத்துக்கொண்டு வந்தேன். அது நாலாயிரத்து ஐந்நூறு வரைக்கும் வந்திருந்தது.

போன மே மாதம் ஒரு நாள் காலையில் புரோக்கர் கணேசமூர்த்தி ஆபீசுக்கு ஓடி வந்தான். தொழிலுக்குப் புதுசு, ஊருக்கும் புதுசு. கையில் ஒரு துண்டுச்சீட்டு வைத்திருந்தான்.

"யக்கா, அவசரமா ஒரு அக்ரிமெண்ட்டு. ஜூன் ஒண்ணுல இருந்து. இலஞ்சியில ஒரு பின்வீடு, எட்டாயிரத்து ஐந்நூறு. பார்ட்டி கவர்மெண்ட்டு ஆளு. விட்டா வேற வீட்டுக்குப் போயிருவாரு."

சீட்டை வாங்கிப் பார்த்தேன். வீட்டு உரிமையாளர் வல்லிநாயகம் என்று எழுதியிருந்தது. கதவு எண் என்னுடைய கதவு எண்.

"இப்ப அந்த வீட்ல யாரும் இல்லையா?" என்றேன்.

"யாரோ சொந்தக்கார அம்மா இருக்காங்களாம். தனி ஆளு. சொன்னா போயிருவாங்கன்னு அண்ணாச்சி சொல்லுதாவ."

யாரோ சொந்தக்கார அம்மா சீட்டை மடித்து அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். ஸ்டாம்ப் பேப்பர் தீர்ந்துவிட்டது, நாளைக்கு வா என்று அவனை அனுப்பினேன். அலமாரியில் ஒரு கட்டு இருந்தது.

மத்தியானம் சாப்பிடவில்லை. குமரகுரு சாரிடம் இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்து வலசைக்குப் போனேன். நான் அக்ரிமெண்ட் அடித்துக் கொடுத்த வீடுகள்தான். எது காலியாகிறது என்று எனக்குத் தெரியாதா? முதல் வீட்டுக்கார அம்மா என்னை வாசலில் நிறுத்தியே பேசினாள்.

"கூட யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. நான் மட்டுந்தான்."

"ஒத்தைப் பொம்பளைக்கு நாங்க குடுக்கதில்ல. நாளைக்கு ஒடம்புக்கு ஒண்ணுன்னா யாரு பாக்க? ஃபேமிலியா இருந்தா சொல்லுங்க."

குடும்பத்தினருக்கு மட்டும் என்ற அந்த நிபந்தனையை அவளுக்கு அழகாக வாசகம் அமைத்து அடித்துக் கொடுத்ததே நான்தான். இரண்டாவது வீட்டில் ஒத்தை ஆளைப் பற்றி ஆட்சேபணை இல்லை. பத்து மாத வாடகை அட்வான்ஸாக வேண்டும் என்றார்கள். எழுபதாயிரம். என் கையில் இருந்ததெல்லாம் அந்த மாதச் சம்பளம் பதினைந்தாயிரத்தில் மிச்சம் மட்டும்.

சாயங்காலம் நேரே முன்வீட்டுக்குப் போனேன். தம்பி நாற்காலியில் இருந்தான். உமா மகேஸ்வரி வழக்கம்போல் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"ஏலே, நான் இருக்க வீட்டை எட்டாயிரத்து ஐந்நூறுக்குப் பேசியிருக்கியாமே?"

அவன் முகம் சுண்டிப்போனது. "நானே சொல்லணும்னுதான் இருந்தேன்க்கா. ஒம் மருமவன் சுப்புக்கு காலேஜ் பீஸ் கட்டணும். பேங்க்ல லோன் கேட்டா, வாடகை வருமானம் காட்டுங்கான். ஒன்கிட்ட எப்படிச் சொல்லதுன்னு தெரியாமத்தான்..."

"நான் எங்கலே போவேன்?"

"மாடியில சுப்பு ரூமு இருக்குல்லா. அவன் ஹாஸ்டலுக்குப் போயிருவான். நீ அங்கன..."

"அந்த ரூமுக்கு ஏசி போட்டதே சீசனுக்கு வாரவங்களுக்குக் குடுக்கத்தான்" என்றாள் உமா மகேஸ்வரி. குரலை உயர்த்தவில்லை. அவளும் சுடுசொல் சொல்ல மாட்டாள். "ஜூன் பிறந்துட்டா ஒரு நாளைக்கே ரெண்டாயிரம் வரும். மதினிக்குத் தெரியாததா? ஊர் ரேட்டு என்னன்னு நமக்குச் சொல்லித் தந்ததே அவங்கதான?"

அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதுதான் என்னைக் கொன்றது. ஆறு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் காப்பியைக் குடித்து, என் தலையில் நானே அளந்து அளந்து மண்ணைப் போட்டிருக்கிறேன்.

அப்போதாவது அழுதிருக்கலாம். கெஞ்சியிருக்கலாம். அப்பா கட்டிய வீட்டில் எனக்கு ஒரு மூலை கிடையாதா என்று கத்தியிருந்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். வல்லிநாயகம் பக்கத்து வீட்டுக்குப் பயந்தவன். ஆனால் என் வீறாப்பு எனக்கு முன்னால் எழுந்து பேசிவிட்டது.

"வெளி ஆளு எதுக்கு? அந்த எட்டாயிரத்து ஐந்நூறை நானே தாரேன்."

அவன் வெட்கப்படட்டும் என்றுதான் சொன்னேன். 'அய்யோ, வேண்டாம்க்கா, நீ இரு, லோனுக்கு நான் வேற வழி பாக்கேன்' என்பான். அந்த ஒரு வார்த்தை போதும், அதற்குப் பிறகு நாலாயிரத்து ஐந்நூறை ஐயாயிரமாகக்கூடக் கொடுத்திருப்பேன். அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் உமா மகேஸ்வரியைப் பார்த்தான். அவள் சன்னலைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் முகம் தெளிந்தது. ஏழு வயதில் பரீட்சையில் தப்பித்து வந்தபோது அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

"ஒனக்குக் கஷ்டமில்லையேக்கா?" என்றான்.

"இல்ல."

"அப்பம் நீயே இரு. நமக்கும் தெரியாத ஆளை உள்ள விட்ட மாதிரி இருக்காது. புரோக்கர்ட்ட நான் சொல்லிருதேன்." சிரித்தான். நிஜமான சிரிப்பு, அக்கா போகவில்லை என்று அவனுக்கு உண்மையிலேயே சந்தோஷம். "பேங்க்ல குடுக்கணும்லா, அக்ரிமெண்ட்டு ஒண்ணு போட்டுருவோம். நீயே அடிச்சிருவேல்லா? வெளிய குடுத்தா ஐந்நூறு கேப்பான்."

"காப்பி ஆறுது மதினி" என்றாள் உமா மகேஸ்வரி.

குடித்தேன். வேறு என்ன செய்ய?

மறுநாள் ஆபீசில் கணேசமூர்த்தி வந்து, பார்ட்டி மாறிவிட்டது, கமிஷன் போச்சு என்று புலம்பிவிட்டுப் போனான். நான் கம்ப்யூட்டரைத் திறந்து வழக்கமான வாசகத்தை எடுத்தேன். பதினொரு மாதம். பிரதி மாதம் ஐந்தாம் தேதிக்குள் வாடகை. இரண்டு மாதம் பாக்கி வைத்தால் உரிமையாளர் காலி செய்யச் சொல்லலாம். சொன்னால் குடியிருப்பவர் எவ்வித ஆட்சேபணையும் இன்றி வீட்டை ஒப்படைக்க வேண்டும். உள்வாடகைக்கு விடக்கூடாது, சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. எதையும் நான் மாற்றவில்லை. எனக்குச் சாதகமாக ஒரு வரியைச் சேர்த்திருக்கலாம், தம்பி படித்துப் பார்க்கப்போவதில்லை. சேர்க்கவில்லை.

பெயர் வந்த இடத்தில் மட்டும் நின்றேன். கல்யாணமானவள் என்றால் புருஷன் பெயரைப் போடுவதுதான் வழக்கம். என் ஆதார் அட்டையிலும் அப்படித்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரர் தங்கமான மனுஷர், அவர் பெயரைப் போடுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்தக் காகிதத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மேலே தம்பிக்கு அடித்ததுபோலவே கீழே எனக்கும் அடித்தேன்.

குமரகுரு சார் அக்ரிமெண்ட்டுகளை முழுக்கப் படிக்க மாட்டார். தப்பு வருகிற மூன்று இடங்களை மட்டும் பார்ப்பார்: தொகை, கதவு எண், தகப்பனார் பெயர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையில் விரலை வைத்தார்.

"சுந்தரியம்மா, இங்க பாருங்க. உரிமையாளருக்கும் லேட் சிவசைலம், குடியிருக்கவங்களுக்கும் லேட் சிவசைலம்னு விழுந்திருக்கு. மேல உள்ளதைக் காப்பி பண்ணிட்டு மாத்த மறந்துட்டியளா?"

"இல்ல சார்" என்றேன். "ரெண்டு பேருக்கும் அவருதான் அப்பா."